அந்த எடத்தை அழுத்தி எழுதுங்க

பெரம்பலூர்,
5-2-1945.

அரியலூரில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு,

கடிதம் என்றால் முதலில் சுகம் விசாரிக்க வேண்டும். நான் விசாரிக்கவில்லை. உங்கள் சுகத்துக்கு என்ன குறைச்சல்? பார்சல் ஆபீஸ் விட்டதும் வீட்டுக்கு வந்து, ஊரில் இருக்கிற பேனா முள்ளையெல்லாம் கல்லில் தேய்த்துக்கொண்டு, ஸ்டேஷன் மாஸ்டர் மெச்சினார், தபால்காரர் மெச்சினார் என்று பூரித்துப் போயிருப்பீர்கள்.

பென்சிலால் எழுதுகிறேன். அப்பாவின் பேனா பக்கத்தில்தான் கிடக்கிறது. தொடப் பிடிக்கவில்லை.

அப்பாவின் வருஷத் திதி நல்லபடியாக முடிந்தது. அண்ணன் எந்தக் குறையும் வைக்கவில்லை. மறுநாள் ஜனமெல்லாம் கலைந்த பிறகு அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "அந்தப் பேனாவைக் கொண்டாந்திருக்கியா? எடுத்து எதையாச்சும் எழுது சிந்தாமணி. நான் சும்மா கேட்டுக்கிட்டு இருக்கேன்" என்றாள். அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. எதிரில் ஆள் நிற்பது நிழலாகத் தெரியும், அவ்வளவுதான். அப்பா விடிந்ததும் உட்கார்ந்து மனு எழுதும் கரகர சத்தத்தைக் கேட்டுக்கொண்டே எத்தனையோ வருஷம் அடுப்பு மூட்டியவள் அவள்.

நான் ஒரு காகிதம் எடுத்து, மனதில் வந்ததையெல்லாம் எழுதினேன். பாதிப் பக்கம் நிரம்பிவிட்டது. அம்மா தலையைச் சாய்த்துக் காத்துக்கொண்டே இருந்தாள். கடைசியில், "ஏண்டி, இன்னும் எழுத ஆரம்பிக்கலியா?" என்று கேட்டாள்.

நிப்பை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தேன். முனை பளபளவென்று மின்னியது. உங்கள் கைவேலை எனக்குத் தெரியாதா? நான் புறப்பட்ட அன்று பெட்டி அடுக்கும்போது, "பேனாவை எழுதிப் பாரு, அசந்துபோயிடுவ" என்று சிரித்தீர்களே, இதற்குத்தானா?

அப்பா போன பிறகு வீட்டிலிருந்து நான் வேறு எதையும் கேட்கவில்லை. அந்தப் பேனா ஒன்றைத்தான் அண்ணனிடம் கேட்டு வாங்கி வந்தேன். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்தும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இப்போதைக்கு நான் வரப்போவதில்லை. உறை குத்தி வைத்த தயிர் இந்நேரம் புளித்திருக்கும். கொட்டிவிடுங்கள்.

சிந்தாமணி


அரியலூர்,
8-2-1945.

சிந்தாமணிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பென்சில் எழுத்து வழியில் உராய்ந்து பாதி மங்கிவிட்டது. என்னைத் திட்டிய பாதி மட்டும் சுத்தமாக வந்து சேர்ந்தது.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாமல் கேள். அது சத்தம் இல்லை, கோளாறு. நிப்பு நடுவில் பிளந்து இரண்டு காலாக நிற்கும் அல்லவா? உன் அப்பாவின் நிப்பில் ஒரு கால் மேலே தூக்கிக்கொண்டு நின்றது. கையை மேலே கொண்டுபோகும்போதெல்லாம் அந்தக் கால் காகிதத்தைச் சுரண்டியது. பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே பாவமாக இருந்தது. கட்டைவிரல் நகத்தால் அதை அமுக்கிச் சமமாக்கினேன். சவரக்கத்தி தீட்டும் கல்லில் தண்ணீர் விட்டு, எட்டுப் போடுவது போல மெல்லச் சுழற்றினேன். பிறகு தோல்வாரில் இழுத்தேன். நீ கோயிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துச் செய்தேன். உன்னை அசத்த வேண்டும் என்பதைத் தவிர என் மனதில் வேறு ஒன்றும் இல்லை.

இந்த யுத்தம் வந்ததிலிருந்து சீமை நிப்பு எங்கே கிடைக்கிறது? இருப்பதைத் தேய்த்துத்தான் ஓட்ட வேண்டும். ஜெயங்கொண்டத்திலிருந்துகூட ஆள் தேடி வருகிறார்கள். இதுவரை ஒருவரும் என்னைத் திட்டியதில்லை.

உன்னைப் பெண் பார்க்க வந்த நாள் ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் வந்து உட்கார்ந்துவிட்டோம். உன் அப்பா உள்ளறையில் யாருக்கோ மனு எழுதிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்தாயிற்று என்று சொல்லியும் எழுந்து வரவில்லை. பிடித்த வரியை முடித்துவிட்டுத்தான் வந்தார். நீ காபி கொண்டுவந்து வைத்தபோது நான் உன்னைப் பார்க்காமல் சத்தம் வந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாய். உண்மைதான். அன்றைக்கே எனக்குக் கை அரித்தது. அவர் இருந்தவரை கேட்கத் தைரியம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வரட்டுமா? தயிரைக் கொட்டவில்லை. அதைத்தான் ஊற்றிச் சாப்பிடுகிறேன்.

வேணுகோபால்


பெரம்பலூர்,
12-2-1945.

வீட்டுக்காரருக்கு,

வர வேண்டாம். அப்பா இருந்தவரை தைரியம் இல்லை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அவர் போனதும் தைரியம் வந்துவிட்டதாக்கும்.

கோளாறு என்கிறீர்கள். அந்தக் கோளாறில்தான் எங்கள் வீட்டு உலை கொதித்தது. பாவாடை கட்டிய வயசில் நான் தாலுக்கா ஆபீஸ் வேப்பமரத்தடிக்கு அப்பாவுக்குச் சோறு கொண்டுபோவேன். மரத்தடியில் பாய் போட்டு உட்கார்ந்திருப்பார். எதிரில் யாராவது குந்திக்கொண்டு தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். அவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரியும்? தான் சொன்னது காகிதத்தில் ஏறுகிறதா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வார்கள்? அந்தச் சத்தம்தான். பேனா கரகரவென்று ஓடினால் முகம் தெளியும். நின்றால், "ஏனுங்க நிறுத்திட்டீங்க?" என்று பதறுவார்கள்.

பாப்பாயி என்று ஒருத்தி, ஆடு வளர்ப்பவள், மாசத்துக்கு ஒரு பிராது கொண்டுவருவாள். "பக்கத்துக் காட்டுக்காரன் என் ஆட்டைக் கட்டிப்போட்டு அடிச்சானுங்கய்யா" என்பாள். அப்பா எழுதுவார். அவள் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "சத்தம் பத்தலீங்க. அந்த எடத்தை அழுத்தி எழுதுங்க" என்பாள். அப்பாவும் சிரிக்காமல் அதே வார்த்தைகளின் மேல் இன்னொரு தடவை அழுத்தி எழுதுவார். அவள் நிம்மதியாக எழுந்து போவாள்.

ஒரு தடவை யாரோ நிப்பைச் சரிபண்ணித் தருகிறேன் என்றபோது அப்பா கொடுக்கவில்லை. "வாயத் தொறந்து சொன்னவனுக்கு, சொன்னது ஏறிருச்சுன்னு காதுல விழணும்ல" என்றார். இதை நான் உங்களிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நீங்கள் எந்த நிப்பைத் தேய்த்துக்கொண்டு கேட்டீர்களோ.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பேனா சத்தம் வராததற்குக் காரணம் தன் காதுதான் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். "கண்ணு போச்சு. பேச்சு மட்டும் கேக்குது, நுணுக்கமான சத்தமெல்லாம் போயிருச்சு போல" என்று அண்ணியிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொன்னால் உங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். எவ்வளவு கோபம் இருந்தாலும் என் வீட்டிலே உங்களை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

பஸ் கண்டக்டர் சின்னதுரையிடம் பேனாவைக் கொடுத்தனுப்பியிருக்கிறேன். நீங்கள் எடுத்த சத்தத்தை நீங்களே திருப்பிக் கொண்டுவாருங்கள். அதற்கப்புறம் என்னைக் கூப்பிடுங்கள்.

சிந்தாமணி


அரியலூர்,
19-2-1945.

அன்புள்ள சிந்தாமணிக்கு,

சின்னதுரை பேனாவைப் பத்திரமாகச் சேர்த்தான். பெட்ரோல் இல்லாமல் கரியில் ஓடுகிற பஸ் மேட்டில் மூச்சுவாங்கி நின்றுவிட, எல்லோரும் இறங்கித் தள்ளினார்களாம். "சட்டப் பையில உங்க வூட்டுப் பேனா இருக்குங்களே, அதான் நான் தள்ளல" என்றான். அவனுக்காவது நம் சண்டையால் ஒரு லாபம்.

அத்தை தன் காது போய்விட்டதாக நினைக்கிறார்கள் என்று படித்ததும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. தயவுசெய்து என்னைச் சொல்லிவிடு. 'உங்க மாப்பிள்ளை பண்ணின வேலை' என்று சொல். என் மானம் போனால் போகட்டும்.

நாலைந்து நாளாக இதே வேலையாக இருக்கிறேன். ஊரில் எல்லோரும் கெட்ட நிப்பை நல்லதாக்கக் கொண்டுவருகிறார்கள். நல்ல நிப்பைக் கெடுக்கச் சொல்லி இதுவரை யாரும் வந்ததில்லை. முதலில் கல்லை மாற்றி, கொஞ்சம் சொரசொரப்பான கல்லில் ஒரே பக்கமாக இழுத்தேன். எலி கீச்சிடுவது போலச் சத்தம் வந்தது. அடுத்த வீட்டு ரத்தினம்மாள் எட்டிப் பார்த்து, "எலி பூந்துருச்சா தம்பி?" என்று கேட்டார்கள். அதைத் தேய்த்து அடக்கினேன். பிறகு சின்ன இடுக்கியால் ஒரு காலைத் தூக்கினேன். மை சொட்டுச் சொட்டாகக் கொட்டியதே தவிர, சத்தம் வரவில்லை. இனிமேல் கல் பக்கம் போக மாட்டேன். முனையில் இருக்கிற கெட்டி உலோகம் கொஞ்சம்தான் மிச்சம். அதுவும் போனால் பேனாவே போய்விடும்.

இதையெல்லாம் விடப் பெரிய சங்கடம் ஒன்று. அந்தச் சத்தத்தை நான் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கோளாறாகத்தான் கேட்டேன். இப்போது கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால், அது எப்படி இருந்தது என்று ஞாபகம் வரவே மாட்டேன் என்கிறது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அது எப்படி இருக்கும் என்று கொஞ்சம் எழுது.

வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நீ கோபத்தில் செம்பை ணங்கென்று வைப்பாயே, அதுகூட இல்லை.

வேணுகோபால்


பெரம்பலூர்,
23-2-1945.

என் வீட்டுக்காரருக்கு,

சுகமா? இந்தத் தடவை கேட்கிறேன். புளித்த தயிரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? ரத்தினம்மாக்காவிடம் சொல்லி உறைமோர் வாங்கிக்கொள்ளுங்கள்.

சத்தத்தை எப்படி எழுதிக் காட்டுவது? முயற்சி பண்ணுகிறேன். பேனா கீழே இறங்கும்போது பேசாது. மேலே ஏறும்போது 'கர்' என்று ஒரு முனகல். சுழி சுற்றும்போது அந்த முனகல் நீளும். வரி முடிந்து அடுத்த வரிக்குப் போகும் இடத்தில் கொஞ்சம் மௌனம். அந்த மௌனத்தில்தான் அம்மா அடுப்பை ஊதுவாள். முழுப்பக்கம் முடிந்தால் அப்பா ஒரு புள்ளியை 'டக்'கென்று வைப்பார். அந்தப் புள்ளி கேட்டால் நான் பாயைச் சுருட்டிக்கொண்டு எழுந்துவிடுவேன். காபி வந்துவிட்டது என்று அர்த்தம்.

நேற்று நானும் அம்மாவும் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். பேனாவுக்கு அந்தச் சத்தம் எப்படி வந்தது என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அம்மா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று! எல்லாம் அந்தப் பாப்பாயியால்தானாம். முதல் தடவை பிராது கொடுக்க வந்தபோது, சாட்சிக்கு என்று அடிபட்ட ஆட்டையே பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். அது அப்பாவின் முழங்கையில் ஒரு முட்டு முட்டியது. புதுப் பேனா, திருச்சியில் ஆசையாக வாங்கியது, தலைகுப்புறக் கல்லில் விழுந்து நிப்பு வளைந்துவிட்டது. அப்பா எடுத்துப் பார்த்தார். வாயில் வைத்துப் பல்லால் கடித்து நிமிர்த்தினார். அப்படியே மிச்ச மனுவையும் எழுதினார். கரகரவென்று சத்தம் வந்ததும் பாப்பாயி, "இப்பத்தாங்க சூடா எழுதுறீங்க!" என்றாளாம்.

அன்று முழுவதும் அப்பாவின் உதட்டில் நீலம். நாவல் பழம் தின்றீரா என்று தாலுக்கா ஆபீஸ் பூராவும் கேலி. சாயங்காலம் வீட்டுக்கு வந்து அம்மா தேய்த்துவிட்டும் போகவில்லையாம். அதைச் சொல்லும்போது அம்மா தன் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, துடைப்பது போலக் காட்டினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரியாது.

உங்களைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. சொன்னால், "நல்லதுக்குத்தானே செஞ்சிருப்பாரு" என்று அதோடு விட்டுவிடுவாள். அவளுக்குச் சமாதானம் வேண்டியதில்லை, சத்தம் வேண்டும்.

சிந்தாமணி


அரியலூர்,
2-3-1945.

சிந்தாமணிக்கு,

கடித்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று கல், இடுக்கி, பூதக்கண்ணாடி எல்லாவற்றையும் எடுத்துப் பரணில் வைத்தேன். நிப்பைக் கழற்றி வாயில் வைத்துக்கொண்டு, எந்தப் பல்லால் கடித்திருப்பார் என்று யோசித்தேன். உன் அப்பா வெற்றிலையை எப்போதும் வலது பக்கம் அடக்குவார். அதனால் இடது பக்கம்தான் கடித்திருக்க வேண்டும் என்று தோன்றியது. பயந்து பயந்து கடித்தேன். ஒன்றும் ஆகவில்லை. இன்னும் கொஞ்சம் கடித்தேன். மாட்டி எழுதினேன். மேலே ஏறும்போது முனகியது. எத்தனையோ நிப்பைச் சரிசெய்திருக்கிறேன். ஒரு நிப்பைக் கெடுத்துவிட்டு எழுந்து நின்று சிரித்தது இதுதான் முதல் தடவை.

மறுநாள் ஸ்டேஷனில் எல்லோரும் என் உதட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். இந்த மாசியில் நாவல் பழம் எங்கே கிடைத்தது என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்டார். சிரிக்கட்டும். துடைத்துவிட யாரும் இல்லாததால் நீலம் போக நேரமாயிற்று.

இப்போதெல்லாம் யாராவது நிப்புக் கொண்டுவந்தால், "சத்தம் வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டுவிட்டுத்தான் கல்லை எடுக்கிறேன். எனக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று தபால்காரர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

ஆனால் ஒன்று. இது உன் அப்பாவின் சத்தம் இல்லை. நீ எழுதியதை வைத்துக்கொண்டு ஒவ்வொரு சுழியாகப் போட்டுக் கேட்டுப் பார்த்தேன். எங்கேயோ வித்தியாசம் இருக்கிறது. அவர் பல் வேறு, என் பல் வேறு. கல்லில் நான் தேய்த்துவிட்டதை யாராலும் திரும்ப வைக்க முடியாது. அத்தை கேட்டுவிட்டு இது வேண்டாம் என்று சொன்னால், அதையும் மறைக்காமல் எழுது. பென்சிலிலாவது எழுது.

வந்துவிடு என்று எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதக் கை வரவில்லை. பேனா சின்னதுரையிடம் இருக்கிறது.

வேணுகோபால்


பெரம்பலூர்,
5-3-1945.

அன்புள்ள என் வீட்டுக்காரருக்கு,

இது மை. பார்த்தாலே தெரிந்திருக்கும்.

நேற்றுச் சின்னதுரை பேனாவைக் கொடுத்தான். அம்மாவிடம் ஒன்றும் சொல்லவில்லை. இன்று காலை அவள் அடுப்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தபோது, நானும் காகிதத்தோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்கள் பெயரைத்தான் முதலில் எழுதினேன். மேலே ஏறும்போது முனகியது.

அம்மாவின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. நான் நிறுத்தாமல் எழுதினேன். ஒரு வரி, இரண்டு வரி. அம்மா தலையைச் சாய்த்துக்கொண்டாள். முகம் எப்படி ஆயிற்று என்று எனக்கு எழுதத் தெரியவில்லை.

"கேக்குதுடி" என்றாள். "எனக்குக் காது கேக்குது."

இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, "ஆனா இது உங்கப்பா இல்ல" என்றாள். "அவரு பேனா வெடுவெடுன்னு அதட்டும். இது கெஞ்சுது. யாரு கை வச்சது இதுல?"

அதற்குமேல் மறைக்க என்னால் முடியவில்லை. கல்லிலிருந்து எலி வரைக்கும், பல்லிலிருந்து நாவல் பழம் வரைக்கும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அம்மா கோபப்படுவாள், இல்லை அழுவாள் என்று நினைத்தேன். "மாப்பிள்ளை பல்லால கடிச்சாரா?" என்று இரண்டு மூன்று தடவை கேட்டாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், அண்ணி கொல்லையிலிருந்து ஓடி வந்துவிட்டாள். சிரித்து முடித்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அவரு போயிட்டாருடி. அந்தச் சத்தமும் அவரோட போவட்டும். இது நல்லாத்தான் இருக்கு" என்றாள். அப்பா போனதிலிருந்து 'போயிட்டாரு' என்ற வார்த்தை அம்மாவின் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா சொன்னாள்: "ஊருக்கெல்லாம் எழுதினாரு. நான் ஒரு நாளும் எதிர்ல உக்காந்து எனக்கு எழுதுங்கன்னு சொன்னதில்ல. எழுதிக் குடுக்கிறவர் வூட்டுலயே இருக்காரேன்னு இருந்துட்டேன். இப்ப எனக்கு எழுதுடி, மாப்பிள்ளைக்கு." கீரையை ஒதுக்கி வைத்துவிட்டு, வேப்பமரத்தடியில் குந்துவார்களே, அதே மாதிரி என் எதிரில் குந்திக்கொண்டாள். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

'மாப்பிள்ளைக்குப் பூங்காவனம் எழுதிக்கிறது. எனக்குக் காது நல்லாக் கேக்குது. நீங்க மனசுல ஒண்ணும் வச்சுக்க வேண்டாம். இனிமே மையை வாயில வைக்காதீங்க, வயித்துக்கு ஆவாது. மாசத்துக்கு ஒருக்கா ரெண்டு பேரும் பேனாவை எடுத்துக்கிட்டு வாங்க. எனக்கும் சொல்றதுக்கு ஊர்ப்பட்ட பிராது இருக்கு. வெள்ளிக்கிழமை பொண்ணை அனுப்ப மாட்டேன். அதனால வியாழக்கிழமை காலை பஸ்ல சிந்தாமணி வரா.'

இங்கே நான் நிறுத்தினேன். கண்ணீர் எழுத்தை மறைத்தது. அம்மாவுக்குச் சத்தம் நின்றது தெரிந்துவிட்டது.

"ஏன் நிறுத்திட்ட? வரான்னு போட்டியா?"

"போட்டேன்மா."

"எனக்குச் சத்தம் பத்தல. அந்த எடத்தை அழுத்தி எழுது."

அதன் மேலேயே இன்னொரு தடவை எழுதினேன். உங்கள் நிப்பு காகிதத்தைக் கொஞ்சம் கிழித்துவிட்டது. மடிப்பைப் பார்த்துப் பிரியுங்கள்.

சிந்தாமணி